எட்டுக் கூண்டில் மட்டும் பூசிய விபூதி

விலங்கு அறை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கூண்டை எந்தத் தண்ணீரில் கழுவுவது, உமியை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது என்பதெல்லாம் உங்கள் கையில் கொடுத்திருக்கிற புத்தகத்தில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவது அதில் இல்லாத ஒன்று. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் எனக்கு அடங்காத ஒரு கோபம். அதில் பாதி என் மேலேதான். மீதிப் பாதி யார் மேல் என்பதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் பத்தாம் வகுப்புத் தேறாதவன். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தேன். திருநகரில் குடும்பம். மதுரைக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் சுண்டெலி வளர்த்தேன். சஷ்டி விரதம் ஒன்றுகூடத் தவறவிட்டதில்லை. காலையில் நெற்றி நிறைய விபூதி பூசித்தான் வீட்டை விட்டுக் கிளம்புவேன். ஆனால் விலங்கு அறை வாசல் குழாயில் அதை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவேன். பவுடர், செண்டு, பூ, விபூதி எதுவும் உள்ளே போகக் கூடாது, எலிக்கு மூக்கு ரொம்பக் கூர்மை என்று சேர்ந்த அன்றைக்கே சொன்னார்கள். காரணத்தோடு சொன்னார்கள். அதனால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று சமாதானமாக இருபத்தெட்டு வருஷமும் கழுவினேன். ஒரே ஒரு நாள் மட்டும் விபூதி உள்ளே போனது.

என் பொறுப்பில் கடைசியாக இருந்தது பதினாறு ஆண் சுண்டெலிகள். எல்லாம் பார்க்க ஒரே மாதிரி, கறுப்பு. அதில் எட்டுக்கு ஒரு மரபணு வேலை செய்யாது. மனுசரில் சில குடும்பங்களில் தாய் வழியாக வந்து, பையன்களின் புத்தி வளர்ச்சியைத் தடுத்து வைக்கிற குறை ஒன்று உண்டு. அதே குறையை எலியில் உண்டாக்கி வளர்ப்பார்கள். மீதி எட்டும் கூடப் பிறந்தவை, குறை இல்லாதவை. வாலின் நுனியைத் துளி வெட்டி வேறு இடத்துக்குச் சோதனைக்கு அனுப்பினால்தான் எது எது என்று தெரியும்.

இந்த எலிகளின் மூளைக்குள் ஓடுகிற அலை எப்படி மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் ஷமீமா என்கிற பிள்ளையின் ஆராய்ச்சி. டாக்டர் பட்டத்துக்காகச் செய்தது. அவர்கள் அப்பா பழைய ஊருக்குள் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். ஆரப்பாளையத்தில் பஸ் மாறி, டிபன் பாக்ஸோடு எனக்கு முன்னால் வந்து அந்தப் பிள்ளை வாசலில் நிற்கும். “எங்க அத்தா கேக்குறாகண்ணே, எலி தூங்குறத எம்புட்டு வருஷம்தாம்மா பாப்பேன்னு” என்று தானே சொல்லித் தானே சிரிக்கும்.

தூங்குவதைப் பார்ப்பது என்றால் கண்ணால் எலியைப் பார்ப்பது இல்லை. மயக்கம் கொடுத்து மண்டை ஓட்டில் பொடிக் கம்பி பொருத்துவார்கள். அதிலிருந்து நூல் போல ஒரு வயர் மேலே போகும். எலி அதுபாட்டுக்குத் தின்னும், திரியும், தூங்கும். திரையில் ஈ.சி.ஜி. மாதிரி கோடு ஓடும். அலை எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரே எண்ணிவிடும். ஆனால் இந்த நொடியில் எலி விழித்திருக்கிறதா, தூங்குகிறதா, கனவு காண்கிற தூக்கமா என்பதை மனுசக் கண்தான் பார்த்துக் குறிக்க வேண்டும். ஒரு நாள் பதிவைக் குறித்து முடிக்க அந்தப் பிள்ளைக்கு இரண்டு நாள் ஆகும்.

எந்தக் கூண்டில் குறை உள்ள எலி, எதில் இல்லாத எலி என்ற தாள் என் அலமாரியில் பூட்டில் இருந்தது. குறை உள்ளதில் சிலதுக்கு வலிப்பு வரும் என்பதால் தீனி வைக்கிற எனக்கு மட்டும் தெரிய வேண்டும். பிரிவுத் தலைவர் ஒட்டி வந்த கவரைத் தானும் பிரிக்காமல் கையில் கொடுத்து, “இது அந்தப் பொண்ணுக்குத் தெரியக் கூடாது. யாருக்குமே சொல்லாதீங்க. அவ்வளவுதான்” என்றார். “சரி சார்” என்றேன். பரீட்சைக் கேள்வித்தாள் போல ஏதோ ரகசியம் என்று எடுத்துக்கொண்டேன். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த இடத்தை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் நாசமானது இங்கேதான்.

புரட்டாசியில் ஒரு நாள், அந்தக் குறை உள்ள குடும்பங்களை ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு ஊரிலிருந்து பேச்சியம்மாள் என்கிற அம்மா இரண்டு மகன்களோடு வந்திருந்தது. மூத்தவனுக்கு இருபத்திரண்டு, இளையவனுக்குப் பதினேழு. இரண்டு பேருக்கும் குறை. மூத்தவன் ஊசியைப் பார்த்து முரண்டு பிடித்தான். ஊர்ப் பேச்சுப் பேசுகிற ஆள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். தோளைப் பிடித்துக்கொண்டு மாடு கன்று பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். ரத்தம் எடுத்து முடித்தார்கள்.

பிறகு அந்த அம்மா என்னைத் தனியாக நிறுத்தியது. “அண்ணே, உள்ள இருக்குற எலிகளுக்கு எம் பிள்ளைகளுக்கு இருக்குற அதே சீக்குத்தானாம்ல?”

“ஆமாம்மா. பாதி எலிக்கு இருக்கு, பாதிக்கு இல்லை.”

“மருந்து குடுத்து அதுக சரியாயிருச்சுண்டா, இவய்ங்களும் சரியாயிருவாய்ங்களா?”

“ஆயிருவாங்கம்மா.”

கூண்டு கழுவுகிறவன் நான். எனக்கு என்ன தெரியும்? அந்த முகத்தைப் பார்த்து வேறு சொல்ல வாய் வரவில்லை. அது என் முதல் பொய்.

முந்தானை முடிச்சிலிருந்து ஒரு விபூதிப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தது. “எங்க குலசாமி கோயில் துன்னூறு. சீக்கு இருக்குற எலிகளுக்கு ஒரு தொடு பூசிவிட்டுருங்கண்ணே. நம்ம பிள்ளைகளுக்காவது கும்பிட நாம இருக்கோம். அதுகளுக்கு யாரு இருக்கா?”

ஆயுத பூஜையன்று நிலையத்துக்கு விடுமுறை. எலிக்கு ஏது விடுமுறை? காலையில் நான் மட்டும் போனேன். சூடம் ஏற்றவில்லை, சாம்பிராணி போடவில்லை, அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது. ஆனால் பொட்டலத்தைப் பிரித்து, எட்டுக் கூண்டின் வெளிப்பக்கம், பெயர் அட்டை செருகுகிற தகட்டின் ஓரத்தில், மூன்று விரலால் மூன்று கோடு இழுத்தேன். குறை உள்ள எட்டுக்கு மட்டும். ஒவ்வொன்றிலும் நின்று, இந்த ஜீவனுக்கு நல்லது செய்யப்பா என்று வேண்டினேன். கண் கலங்கித்தான் செய்தேன். மனசு நிறைந்துதான் வீட்டுக்கு வந்தேன். உலகத்தில் நான் செய்த மடத்தனங்களிலேயே பெரியதை அவ்வளவு மன நிறைவோடு செய்திருக்கிறேன்.

நாலைந்து நாள் கழித்து வயர் மாட்டிக்கொண்டிருந்த ஷமீமா திரும்பிப் பார்த்துக் கேட்டது: “ஏண்ணே, ரெண்டு, மூணு, ஆறுக்கெல்லாம் பட்டை போட்டு விட்டிருக்கீங்க. ஒண்ணும் நாலும் என்ன பாவம் பண்ணுச்சு?”

யாருக்கும் சொல்லாதே என்றார்கள், நான் வாயைத் திறந்து சொல்லவில்லைதான். ஆனால் கூண்டில் எழுதியே வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

“எல்லாத்துக்கும்தாம்மா பூசினேன். மத்ததுல அழிஞ்சிருக்கும்.”

“உங்க சாமியும் எங்க ஆபீஸ் மாதிரிதான் போலருக்கு. பாதிப் பேருக்குத்தான் பதில் வரும்” என்று சிரித்துவிட்டுப் போனது. சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனதைக் கவனித்தேன். அது என் இரண்டாவது பொய். அன்றைக்குச் சாயங்காலம் ஈரத் துணியால் எட்டையும் துடைத்தேன். துடைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். அந்தப் பிள்ளையின் தலைக்குள் போனதை எந்தத் துணியால் துடைப்பது?

மூன்று வாரம் போனது. அந்தப் பிள்ளை கலகலப்பை விட்டுவிட்டது. டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடி வைக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை பிரிவுத் தலைவர் அறைக்குள் போனது, ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல் போய்விட்டது.

மறுநாள் எனக்கு அழைப்பு.

தலைவர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். எந்தக் கூண்டு என்று நம்பர் சொல்லாமல், இரண்டு கூட்டமாகப் பிரித்து ஷமீமா காட்டிய கணக்கில் இரண்டு விஷயம் தெரிந்திருந்தது. ஒன்று, குறை உள்ள எலிகளின் மூளையில் வேக அலை கூடுதலாக ஓடுகிறது. இரண்டாவது, அவற்றுக்குக் கனவுத் தூக்கம் குறைவு. தலைவருக்கு இரண்டாவது பெரிய சந்தோஷம். தூக்கத்தை மாற்றுகிற மருந்து ஒன்று ஏற்கெனவே கடையில் இருக்கிறது. அதைக் குடும்பங்களில் சிலருக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும், அந்த மாதத்துக்குள்ளேயே.

“உட்காருங்க” என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். “ஆயுத பூஜைக்குக் கூண்டுல விபூதி வச்சீங்களாமே. நல்லது, தப்பில்லை. ஆனா அந்தப் பொண்ணு சொல்லுது, எட்டுக்கு மட்டும் வச்சீங்க, அதை வச்சு எது எதுன்னு தனக்குத் தெரிஞ்சு போச்சு, அப்புறம் குறிச்சது செல்லாது, எல்லாத்தையும் வேற ஆளை வச்சு மறுபடி குறிக்கணும்னு. ஒரு வருஷம் போயிரும். எல்லாக் கூண்டுக்கும்தான் பூசினீங்க, இல்லையா? அதை ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க. முடிஞ்சது.”

நாளைக்குத் தருகிறேன் என்று வெளியே வந்தேன். அதற்குள் டீக்கடையில் சங்கதி வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு நின்றது. என்னோடு வேலை பார்த்த காசி, என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான், கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

“என்ன மாமா, அந்தப் பொண்ணுக்கு நம்ம துன்னூறு கண்ண உறுத்துதாம்ல?”

“யார்ரா சொன்னது?”

“எல்லாரும்தான் பேசிக்கிறாய்ங்க. பெரியவருகிட்டப் போயி எழுதிக் குடுத்துருக்காம். வேற மதம்ல, அதான். நீங்க விட்டுக் குடுத்துராதீக மாமா. சாமி காரியம். நாங்கல்லாம் பின்னாடி நிக்கிறோம்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பிள்ளை என் பெயரைச் சொல்லி ஒரு புகார் கொடுக்கவில்லை. தன் மூன்று வருஷ வேலையைத் தானே செல்லாது என்று சொல்லியிருக்கிறது. அதைக் கொண்டுபோய் மதச் சண்டை ஆக்குகிறான்கள். “மாப்ள, விவரம் தெரியாமப் பேசாத” என்று மட்டும் சொன்னேன். தப்பு என்னுடையது என்று அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால், சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காரணம் வெட்கம் கெட்டது. என் தப்பை மூட சாமியே ஒரு போர்வை கொடுத்தது போல மனசின் ஒரு மூலையில் சுகமாக இருந்தது. முருகனைக் கும்பிடுகிறவன் முருகனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன்.

மறுநாள் தலைவர் மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். “ஆயுத பூஜையன்று பதினாறு கூண்டுகளுக்கும் விபூதி பூசினேன்.” கையெழுத்தும் போட்டேன். ஆமாம், போட்டேன். கடைசி நிமிஷத்தில் மனசாட்சி வந்து கையைப் பிடித்தது என்று கதை விட மாட்டேன்.

தலைவர் வாங்கிப் படித்தார். மனசு லேசாகிவிட்டது அவருக்கு. “உங்க மாதிரி ஆளுங்களுக்குப் பக்தி இருக்கும். அதை நாம மதிக்கணும். ஆராய்ச்சியெல்லாம் உங்களுக்கு என்ன புரியும்? அந்தப் பொண்ணுதான் தேவையில்லாம பெருசாக்குது” என்றார். பிறகு தனக்குத்தானே பேசுவது போல, “நல்ல வேளை. உசிலம்பட்டிப் பக்கம் ரெண்டு பசங்க இருக்காங்க, அண்ணன் தம்பி. அம்மா எதுக்கும் சம்மதிக்கிற ஆளு. மருந்தை அவங்ககிட்டதான் முதல்ல ஆரம்பிக்கணும்” என்றார்.

அண்ணன் தம்பி. என் கையில் தோள் இருந்ததே, அந்தப் பையன். இந்தப் பொய்த் தாளை நம்பி அவன் வாயில் மருந்தைப் போடுவார்கள். அந்த அம்மா எதுக்கும் சம்மதிக்கிறது என்றால் அது ஏன்? சரியாகிவிடும் என்று நான் சொன்னதால்.

“சார், தேதி போட மறந்துட்டேன். குடுங்க” என்றேன். கொடுத்தார்.

வாங்கி, எழுதியிருந்ததைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தேன். கீழே எழுதினேன்: “இது பொய். எட்டுக் கூண்டுகளுக்கு மட்டும் பூசினேன். 2, 3, 6, 7, 9, 12, 13, 16. இவை குறை உள்ளவை என்று தெரிந்தே பூசினேன். ஷமீமா சொல்வது உண்மை.” தேதியும் போட்டேன்.

அவர் படித்தார். “உங்களுக்குப் பைத்தியமா?” என்றார்.

“உங்க மாதிரி ஆளுங்களுக்கு என்ன புரியும்னீங்களே சார்” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. “புரியிற மாதிரி யாரு எங்கிட்டச் சொன்னது? தெரியக் கூடாதுன்னு சொன்னீங்க. ஏன் தெரியக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பூசியிருப்பேனா? வேலைக்காரனுக்குக் காரணம் எதுக்குன்னு விட்டீங்க. அந்தப் பிள்ளையோட மூணு வருஷம் போச்சு. இதுல அது பெருசாக்குதுங்கிறீங்க.”

கதவு திறந்திருந்தது. வராண்டாவில் காசியும் இரண்டு பேரும் நின்றார்கள். நேராக அவனிடம் போனேன். “கேட்டுக்க மாப்ள. தப்பு எம்மேல. துன்னூறு மேல இல்ல, அந்தப் பொண்ணு மேல இல்ல. இனிமே எவனாச்சும் மதத்த இழுத்துப் பேசினா நான் மனுசனா இருக்க மாட்டேன்.” காசி தலையைச் சொறிந்துகொண்டு, “அத நேத்தே சொல்லியிருக்கலாம்ல மாமா” என்றான். அவன் கேட்டது நியாயம்தான்.

ஷமீமாவைத் தேடிப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது. எழுதிக் கொடுத்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நம்பர் எல்லாம் எழுதினேன் என்றதும் நெற்றியில் அடித்துக்கொண்டது.

“நம்பரயுமா எழுதினீங்க? அண்ணே! எனக்கு மட்டும்தான் தெரிஞ்சு போச்சு. சாருக்காவது தெரியாம இருந்துச்சு, அவரை வச்சாவது கொஞ்சம் சரி பாத்திருக்கலாம். மிச்சம் இருந்ததையும் போட்டு உடச்சிட்டு வந்து நிக்கிறீங்களே!”

நான் பதறிப்போய் நின்றேன். அந்தப் பிள்ளை அழப் போகிறது என்று நினைத்தேன். சிரித்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தது. பிறகு கோபம் வந்தது, நியாயமான கோபம். “அன்னைக்குக் கேட்டப்பவே உண்மையச் சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேன். எல்லாத்துக்கும் பூசினேன்னு சொன்னீங்க. நம்பப் பாத்தேன், முடியல. மூணு வாரம் எங்கூட நானே சண்ட போட்டேன்.”

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லும்மா. தெரிஞ்சா என்னதான் ஆகும்? நீ பொய்யா எழுதப் போறதில்லயே?”

திரையில் ஒரு கோட்டை ஓட விட்டது. “இது குறை உள்ள எலியோட பதிவு. தூங்கும்போது எடுத்தது. பாருங்க, எங்கெல்லாம் தூக்கம் கலையுதுன்னு கை வச்சுக் காட்டுங்க.”

எனக்குக் கோடு படிக்கத் தெரியாதுதான். ஆனாலும் பார்த்தேன். அங்கங்கே நடுங்குவது போல இருந்தது. பாவம், தூக்கத்திலும் நிம்மதி இல்லை என்று தோன்றியது. ஏழெட்டு இடத்தில் விரல் வைத்துக் காட்டினேன்.

அடுத்து இன்னொன்றை ஓட விட்டது. “இது குறை இல்லாதது.”

சமமாக இருந்தது. இரண்டு இடத்தில் விரல் வைத்தேன்.

“ரெண்டும் ஒரே எலிண்ணே. ஒரே பதிவு. குறையே இல்லாத எலி. திரும்பப் போட்டுக் காட்டினேன், அம்புட்டுத்தான்.”

நான் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் காட்டினேன். கண்ணே பொய் சொல்லியிருக்கிறது.

“எனக்கும் இதுதான் நடந்துச்சு. ஆயுத பூஜைக்கு முன்னாடி குறிச்சதுல ரெண்டு கூட்டத்துக்கும் தூக்கத்துல வித்தியாசமே இல்ல. விபூதியப் பாத்ததுக்கு அப்புறம் குறிச்சதுல மட்டும் வித்தியாசம் வருது. எலி மாறல. நான் மாறிட்டேன்.”

பத்து நிமிஷம் ஆகியிருக்கும் இதைக் காட்ட. பத்தே நிமிஷம். பத்தாம் வகுப்புத் தேறாத எனக்கு அப்படியே மண்டையில் இறங்கியது. கவரைக் கொடுத்த அன்றைக்கு இந்தப் பத்து நிமிஷம் எவருக்கும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை எங்களுக்குச் சால்வை போர்த்திப் படம் எடுக்க நேரம் இருந்தது. இதற்கு இல்லை. என் கோபத்தின் மறு பாதி இதுதான். ஒரு ரகசியத்தை உங்கள் கையில் கொடுத்தால் காரணத்தையும் கேட்டு வாங்குங்கள். காரணம் சொல்லாவிட்டால் கவரைத் தொடாதீர்கள். திமிர் பிடித்தவன் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். இன்னொன்று, இரக்கப்பட்டுக் கை நீட்டும் முன் அந்த இரக்கம் யார் வேலையில் போய் விழும் என்று ஒரு தரம் யோசியுங்கள். நான் பதினாறுக்கும் வேண்டியிருக்கலாம், வீட்டுப் பூஜையறையில் உட்கார்ந்து. முருகனுக்கு அட்டையைப் படித்துக் காட்ட வேண்டிய தேவை இல்லை.

அந்தத் தாளுக்கு மேல் தலைவரால் எதையும் மூட முடியவில்லை. பதிவுகள் எல்லாம் நம்பர் மாற்றப்பட்டு, எங்கள் நிலையத்தைக் கண்ணால் பார்த்திராத வேறு ஊர் ஆள் ஒருவருக்குப் போயின. அவர் குறித்து அனுப்ப எட்டு மாதம் ஆனது. முடிவு வந்தது. கனவுத் தூக்கம் குறைவு என்பது இல்லவே இல்லை. இரண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் தூங்குகின்றன. கம்ப்யூட்டர் எண்ணிய வேக அலை மட்டும் மாறாமல் நின்றது. மருந்து மனு குப்பைக்குப் போனது. ஷமீமாவுக்குப் பட்டம் ஒரு வருஷம் தள்ளி வந்தது. தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு ஊருக்கு இதைவிடப் பெரிய பதவியில் போனார். எனக்கு ஒரு மெமோ. அதை நான் வாங்க வேண்டியதுதான்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. உசிலம்பட்டி பஸ் ஏறினேன். போகும் முன் ஷமீமாவிடம் போய், நிலைத்து நிற்கிற அந்த வேக அலைக்கு என்ன அர்த்தம் என்று என் மொழியில் சொல்லச் சொல்லி, இரண்டு தரம் திருப்பிச் சொல்லிச் சரி பார்த்துக்கொண்டேன்.

பேச்சியம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்தது. “வாங்கண்ணே. மருந்து வந்துருச்சா?”

“இல்லம்மா. மருந்து வராது. சரியாயிரும்னு அன்னைக்கு நான் சொன்னது எனக்குத் தெரியாமச் சொன்னது. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

அந்த அம்மா முகத்தில் ரத்தம் ஏறியது. “வராதுண்டு சொல்றதுக்கா பஸ்ஸேறி வந்தீக? ஒரு வருசமா எம்மூத்தவன்கிட்ட டாக்டரு மருந்து தருவாக, தருவாகண்டு சொல்லிக்கிட்டு இருக்கேன். அவனுக்கு நான் என்னண்டு சொல்றது? வாயில வந்ததச் சொல்லிட்டுப் போயிருவீக. நம்பிக்கிட்டுக் கெடக்குறது நாங்க.”

திட்டட்டும் என்று நின்றேன். எனக்கு வேண்டியதுதான். மூச்சு வாங்கிய பிறகு கேட்டது: “இம்புட்டு வருசம் எலிய வச்சுப் பாத்தீகளே, ஒண்ணுமே தெரியலையா?”

“ஒண்ணு தெரிஞ்சுதும்மா. அது நெசம்.”

“என்னது?”

“மூளை சும்மா இருக்குற நேரத்துலயும் இந்தக் குறை உள்ளதுகளுக்கு உள்ள அலை வேகமா ஓடிக்கிட்டே இருக்கு. அடங்குறதே இல்ல. அதனால வெளிய ஒரு சத்தம் வந்தா நமக்குச் சத்தம், அதுகளுக்கு அடி விழுந்த மாதிரி. எலியில பாத்தது இது. மனுசங்களுக்கும் அப்படித்தான்னு டாக்டர்க சொல்றாங்க.”

அந்த அம்மா வீட்டு வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. பிறகு மெதுவாகக் கேட்டது. “கோயில் கொட்டு அடிக்கயில காதப் பொத்திக்கிட்டு ஓடுறானே மூத்தவன். குக்கரு விசிலுக்குச் செவுத்துல முட்டுவானே. அது?”

“அதுதாம்மா.”

“திமிரு இல்லயா?”

“இல்லம்மா. தாங்க முடியாமச் செய்யிறது.”

“அவுக அப்பா அதுக்குத்தான் அடிப்பாரு. கொட்டுச் சத்தத்துக்கு ஓடிச் சாமிய அவமானப்படுத்துறான்டு, ஊரு முன்னாடி, இடுப்பு வாரச் சுழட்டி.” குரல் உடைந்தது. அழுகை இல்லை அது. அந்தச் சத்தத்தை நான் அறிவேன், அடக்கி வைத்த கோபம். “நானும் அடிச்சிருக்கேன்ணே.”

வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தியது. “ஏங்க! இங்க வாங்க. வந்து இவுக சொல்றதக் கேளுங்க. வாங்கண்டா வாங்க!”

உள்ளிருந்து ஓங்குதாங்கான ஓர் ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நெற்றியில் என்னுடையதைவிட அகலமான பட்டை. “என்னவாம்?” என்றார்.

இந்த முறை நான் வார்த்தையைத் தேடவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்து, ஒன்றைக் கூட்டாமல், ஒன்றைக் குறைக்காமல், அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.